நீராவி எஞ்சினுக்கு நான் பொட்டு வைத்த கதை

அன்பு மகள் வாணி,

இதெல்லாம் இப்பிடித்தான் வந்து முடியுமெண்டு நான் முன்னமே சொன்னனான். நீ ஒரு வெள்ளைக்காரப் பெடியனைத்தான் கட்டுவாய் எண்டு, நீ ஒஸ்லோவிலை, புருசெத்திலை சின்ன வகுப்புப் படிக்கேக்கையே சொன்னனான். சித்தியைக் கேட்டுப் பார். சமாதானப் பேச்சு எண்டு நோர்வேக்காரர் எங்கடை ஊருக்குப் போய் வந்து திரிஞ்ச காலத்திலை, "இஞ்சையும் ஒரு பேச்சு நடக்குது, எங்கடை பிள்ளை அடிக்கடி ஹாமார் பக்கம் போய் வருது" எண்டு முதல் முதல் கண்டுபிடிச்சதும் நான்தான். பெடியன் காணி பூமி உள்ள குடும்பமா இருப்பான் எண்டும் சொன்னனான். அவையின்ரை பழைய எஞ்சின் ஒரு நாள் சனத்துக்கு முன்னாலை மூச்சை விட்டுப்போட்டு நிக்குமெண்டு, எங்கடை கார் அந்த முத்தத்திலை போய் நிண்ட உடனையே மனசுக்குள்ளை சொன்னனான். மனசுக்குள்ளை சொன்னதுக்கு ஆர் சாட்சி எண்டு நீ கேப்பாய். என்ரை மனசுதான் சாட்சி, வேறை ஆர்? நான் சொல்லாமல் விட்டது ஒண்டே ஒண்டு. நீ என்ரை ரெலிபோனை எடுக்கமாட்டாய் எண்டது. அது மட்டும் என்ரை கணக்கிலை வரேல்லை.

எடுக்கிறாயில்லை, அதாலை எழுதுறன். எங்கடை சங்கத்தின்ரை ஆண்டு மலருக்கும் ஒரு பிரதி குடுக்கப்போறன், கோவிக்காதை. புருசெத்திலையும் ஸ்டோவ்னரிலையும் இருக்கிற சனம் இந்தக் கதையைத் தங்கடை பாட்டுக்குக் கதைச்சுக்கொண்டு திரியுது. ஸ்டோவ்னர் கடைத்தொகுதியிலை ஒருத்தர் என்னை மறிச்சு, "அண்ணை, எஞ்சின் வெடிச்சு ரெண்டு மாடு செத்துப் போச்சாமே?" எண்டு துக்கம் விசாரிக்கிறார். அங்கை மாடே இல்லை! ஒரு கதையைப் பெருப்பிக்கிறதெண்டால் அதுக்கும் ஒரு முறை இருக்கு, மகள். இல்லாத மாட்டைக் கொல்லக் கூடாது. அதாலை நடந்ததை நடந்தபடி நானே எழுதுறன், எல்லாச் சனமும் வாசிக்கட்டும்.

வாற சனிக்கிழமை உன்ரை கலியாணம். கொப்பர், என்ரை அண்ணர், நீ கைக்குழந்தையா இருக்கேக்கை காலமாப் போனார். கொம்மா ஒருத்தியா நிண்டு உன்னை வளர்த்தா, பக்கத்துக் கதவிலை நானும் சித்தியும். மணவறையிலை கொப்பற்றை இடத்திலை நிண்டு, உன்ரை கையைப் பெடியன்ரை கையிலை வைச்சு, சித்தி செம்பிலை இருந்து தண்ணி விட, நான் தாரை வார்த்துக் குடுக்க வேணும். இது நீ பிறந்த காலத்திலை இருந்து எழுதாத ஒப்பந்தம். இப்ப நீ சித்தியிட்டை என்ன சொல்லி விட்டிருக்கிறாய்? "அண்டைக்கு நான் கேட்ட கேள்விக்குச் சித்தப்பா உண்மையைச் சொன்னால் வந்து வார்க்கட்டும். இல்லாட்டி மாமா வார்க்கட்டும்." மாமாவாம்! வெஸ்ட்லியிலை இருக்கிற கொம்மாவின்ரை தம்பி! ரெயில் கடைசியா நிக்கிற இடத்திலை இருந்துகொண்டு எல்லாத்துக்கும் கடைசியா வாற மனிசன்! ஒரு சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியாது. அவரா என்ரை பிள்ளைக்குத் தாரை வார்க்கிறது? வாசிச்சுக்கொண்டு வா, உன்ரை கேள்விக்கு மறுமொழி வரும். சித்தப்பா ஒரு விசயத்தைச் சொல்லுறதெண்டால் அடியிலை இருந்துதான் சொல்லுவன், உனக்குத் தெரியும்தானே.

உனக்கு ஞாபகம் இருக்கோ, பனிக்காலத்திலை ரி-பானெ ரெயில் நிலையத்திலை இருந்து எங்கடை மாடிக்கு ஏறிப் போற அந்தச் சரிவு? நீ நடக்கமாட்டாய். நடுப்பாதையிலை குந்திப்போடுவாய். உன்னைப் பனிச்சறுக்குப் பலகையிலை இருத்தி, கயித்தைத் தோளிலை போட்டுக்கொண்டு நான் இழுப்பன். இழுக்கேக்கை சும்மா இழுக்கிறேல்லை. நான்தான் ஸ்ரீம் எஞ்சின். வாயாலை "சக்... சக்... சக்" எண்டு ஆவி விடுவன், அந்தக் குளிருக்கு மெய்யாவே ஆவி வரும். நீ பனியை உருண்டை பிடிச்சு என்ரை முதுகிலை எறிவாய். அது கரியாம், எஞ்சினுக்குக் கரி போடுறியாம். "இன்னும் போடட்டோ சித்தப்பா?" எண்டு கத்துவாய். சட்டைக் கழுத்தாலை உள்ளுக்கை பனி இறங்கி எனக்கு முதுகு விறைச்சுப் போகும், நான் சொல்லமாட்டன். அப்பதான் அந்தக் கதை துவங்கினது. சித்தப்பா ஊரிலை றோட்டு உருட்டுற ஸ்ரீம் றோலர் ஓட்டினவர் எண்ட கதை. ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு துண்டு சொல்லுவன். யாழ்ப்பாணத்திலை இருந்து காங்கேசன்துறை மட்டும் தார் றோட்டை நான் ஒருத்தனே உருட்டிச் சமப்படுத்தினது, என்ரை எஞ்சின் வாற சத்தம் கேட்டால் வண்டில் மாடுகள் தாங்களாவே ஒதுங்கித் தலையைக் குனிஞ்சது, அடுப்புக்குக் கரி போடுற சவளைக் கழுவி அதிலை கச்சான் கடலை வறுத்து ஓவசியருக்குக் குடுத்தது, எல்லாம். நீ ஒரு துண்டையும் மறக்கேல்லை. அதுதான் இப்ப வினையா வந்து நிக்குது.

மலரிலை வாசிக்கிற சனத்துக்கு ஸ்ரீம் எஞ்சின் எண்டால் என்னெண்டு தெரியாது, அவைக்கு ரெயில் மட்டும்தான் தெரியும். அதாலை கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன், நீயும் கேள். நீ யூனிவர்சிற்றியிலை படிச்சிருக்கலாம், நான் எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை மன்னிச்சு விட்டவன்தான். ஆனாலும் இஞ்சை ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு வக்த்மெஸ்தரா, அது முழுக்கக் காவல் காத்துத் திருத்திற ஆளா, இவ்வளவு காலம் இருக்கிறன். அந்த அதிபருக்குக்கூட என்னட்டைக் கேக்காமல் ஒரு கதவும் திறக்காது.

ஒரு பெரிய இரும்புப் பீப்பாவைப் படுக்கப் போட்டிருக்கு எண்டு நினை. அதின்ரை பின்பக்கத்திலை அடுப்புப் பெட்டி. அடுப்பைச் சுத்தியும், அடுப்புக்கு மேலையும் தண்ணி. நெருப்பும் புகையும் பீப்பாவுக்குள்ளாலை போற குழாயளுக்குள்ளை நுழைஞ்சு, போற வழியெல்லாம் தண்ணியைச் சூடாக்கி, முன்பக்கம் புகைபோக்கியாலை வெளிக்கிடும். தண்ணி கொதிச்சு ஆவியாகும். புட்டுப் பானையிலை எண்டால் ஆவி மேலாலை போகும், இஞ்சை அதுக்குப் போக வழியில்லை. அடைபட்டு, கோவம் ஏறி, உறுமிக்கொண்டு நிக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன வழியைத் திறந்து விட்டால், அது பாய்ஞ்சு போய் ஒரு தண்டைத் தள்ளும், பிறகு மற்றப் பக்கத்தாலை போய்த் திருப்பித் தள்ளும். அந்தப் போக்குவரத்தை ஒரு பெரிய சில்லு சுத்தலா மாத்தும். வேலை முடிச்ச ஆவியையும் சும்மா விடுறேல்லை, புகைபோக்கிக்குள்ளாலை மேலை அடிச்சு விடுவினம். அது போற வேகத்திலை அடுப்பு காத்தை இழுத்து இன்னும் மூசி எரியும். அந்தச் "சக்... சக்" அதுதான். பாரம் கூடக் கூட மூச்சும் கூடும், மூச்சுக் கூடக் கூட நெருப்பும் கூடும். எங்கடை ஆக்கள் வெளிநாட்டிலை ரெண்டு வேலை செய்யிற மாதிரி.

இனி அதாலை என்ன வேலை? பல்லுச் சில்லைப் பூட்டினால் எஞ்சின் தானே உருண்டு போகும், பின்னாலை மரக்குத்தியையோ கல்லையோ கொழுவினால் இழுத்துக்கொண்டு போகும். முன்சில்லுக்குப் பதிலாக் கல்லுருளை மாதிரி ஒரு இரும்புருளையை வைச்சால் அதுதான் றோட்டு உருட்டுற றோலர். பல்லுச் சில்லைக் கழட்டி விட்டால் எஞ்சின் நிண்ட இடத்திலை நிக்கும், பெரிய சில்லு மட்டும் சுத்தும். அதிலை ஒரு நீட்டுத் தோல் பட்டியைப் போட்டு, அந்தப் பக்கத்திலை நிக்கிற சூடடிக்கிற மெசினிலை கொழுவினால் தானியம் வேறை வைக்கல் வேறையாக் கொட்டும். மரம் அரியிற வாளிலை கொழுவினால் மரம் அரியும். எஞ்சினைத் தள்ளி நிப்பாட்டுறது நெருப்புப்பொறி வைக்கலிலை விழாமல் இருக்க. வயலின்ரை ரெண்டு கரையிலும் ரெண்டு எஞ்சினை விட்டு, கம்பிக் கயித்தாலை கலப்பையை அங்காலையும் இஞ்சாலையும் இழுத்து உழுத நாடுகளும் இருக்கு. பெற்றோல் வரமுந்தி, கரண்ட் வரமுந்தி, ஒரு எஞ்சின் ஊருக்கு வந்தால் அந்த ஊரே அதைச் சுத்தித்தான் நிக்கும். உன்ரை மாமனார் குன்னார் வைச்சிருக்கிறதும் இப்பிடி ஒண்டுதான். நோர்வேக்காரர் லோகோமொபில் எண்டு சொல்லுவினம். அந்தாள் அதைத் துடைச்சு வைச்சிருக்கிற வடிவைப் பார்த்தால், மனிசியைக்கூட அவ்வளவு கவனிச்சிருக்கமாட்டார்.

சரி, அண்டைய நாளுக்கு வாறன். கலியாணத்துக்கு முந்தி நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரத் தட்டோடை போக வேணும், அது முறை. குன்னார் சொல்லிவிட்டார், அந்தச் சனிக்கிழமை அவையின்ரை சூடடிப்பு நாள், அயல் சனமெல்லாம் வரும், எஞ்சினைக் கொழுத்தப் போறன், நீங்களும் வாங்கோ எண்டு. சித்தி பயித்தம் பணியாரமும் முறுக்கும் சுட்டு அடுக்கினா. நான் பட்டு வேட்டி கட்டி, மேலை கோட்டுப் போட்டுக்கொண்டு போனன். நீ பார்த்துச் சிரிச்சாய். "சித்தப்பா, அது போண்டெகோர்ட், கமம். அங்கை ஒருத்தரும் கோட்டுப் போடமாட்டினம்." அதுதான் நான் போட்டனான்.

ஹாமாரிலை போய் இறங்கின உடனை குன்னார் என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கி, "வாணி சொன்னவ, நீங்கள் இலங்கையிலை இந்த எஞ்சின் ஓட்டினீங்களாம்?" எண்டு கேட்டார். நான் "ஓம்" எண்டன். அதோடை விட்டனானோ? இல்லை. காங்கேசன்துறை வந்துது, மாடு தலை குனிஞ்சது வந்துது, கச்சானும் வந்துது. என்ரை நோர்வேஜிய பாசைக்கு எஸ்பென், உன்ரை பெடியன், பக்கத்திலை நிண்டு கைகுடுத்தான். குன்னார் ஒரு சொல்லும் குறுக்கை விடாமல் கேட்டார்.

இஞ்சைதான் மகள் எனக்கு ஆத்திரம் வாறது. எங்கடை ஆக்களுக்கு நான் ஒரு கதை சொன்னால் அவை பாதியைக் கழிச்சுப்போட்டுத்தான் கேப்பினம். அது எனக்கும் தெரியும், அதாலை நான் ரெண்டு மடங்காச் சொல்லுறது. கழிச்சு முடிய மிஞ்சுறது சரியா இருக்கும். எங்களுக்குள்ளை இது ஒரு ஒழுங்கு, ஒருத்தரும் ஏமாறுறேல்லை. இந்த நாட்டிலை சனத்துக்குக் கழிக்கத் தெரியாது! சொன்னதைச் சொன்னபடி எடுத்து, மடிச்சு, சட்டைப் பையிலை வைச்சுக்கொண்டு போகுதுகள். குன்னார் ஒரு சதம் கழிக்கேல்லை. எல்லாத்தையும் கேட்டு முடிச்சு, தலையை ஆட்டி, "அப்ப நல்லது. எனக்கு உதவிக்கு வாற ஆள் இண்டைக்கு வரேல்லை. நான் பட்டியையும் மெசினையும் பாக்கிறன், நீங்கள் தண்ணியைப் பாருங்கோ" எண்டார். பார், எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டார்! வந்த சம்பந்தியை ஒரு கதிரையிலை இருத்தி ஒரு தேத்தண்ணி குடுக்கிறதை விட்டுப்போட்டு!

நானும் "பயப்படாதையுங்கோ" எண்டன்.

அதுக்கு முதல் எங்கடை முறைப்படி ஒரு பூசை செய்ய வேணுமெண்டு சொன்னன். ஒரு கலியாண வீட்டிலை இவ்வளவு பெரிய வாகனம் வெளிக்கிடேக்கை சும்மா விடலாமோ? சித்தி தேசிக்காயும் தேங்காயும் கொண்டு வந்தவ, அவவுக்குத் தெரியும் எனக்கு என்ன புத்தி வருமெண்டு. நாலு சில்லுக்கும் கீழை தேசிக்காய் வைச்சன். கல்லிலை தேங்காய் அடிச்சன், ரெண்டு பாதியும் சமமாப் பிளந்துது. அயல் சனம் கை தட்டிச்சுது. குன்னார் தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு கோயிலிலை நிக்கிற மாதிரி நிண்டார். பிறகு எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வேணும். எங்கை வைக்கிறது? முன்பக்கம் முழுக்கக் கரி. பின்பக்கத்திலை, ஓட்டுற ஆள் நிக்கிற இடத்திலை, பித்தளைக் கவசத்துக்குள்ளை ஒரு கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நிண்டு மினுங்கினது. பார்த்தால் அச்சொட்டா ஒரு நெத்தி. மூண்டு விரலாலை திருநீறு இழுத்து, நடுவிலை சந்தனத்தை நல்லாக் குழைச்சுத் தடிப்பா அப்பி, அதுக்கு மேலை குங்குமம். எஞ்சின் லட்சுமிகரமா இருந்துது. நீ அந்த நேரம் குசினிக்கை நிண்டாய். நிண்டிருந்தால் நீ அப்பவே கத்தியிருப்பாய், ஏனெண்டால் நீ படிச்சவள்.

அந்தக் கண்ணாடிதான் மகள், எஞ்சினின்ரை கண். உள்ளுக்கை தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு அதிலைதான் தெரியும். அடுப்புக்கு மேலை எப்பவும் தண்ணி மூடி நிக்க வேணும். தண்ணி இறங்கி அடுப்பின்ரை கூரை வெளியிலை தெரிஞ்சால், இரும்பு பழுத்து, இளகி, உள்ளுக்கை நிக்கிற ஆவி அதைப் பிய்ச்சுக்கொண்டு வரும். பிறகு கமமும் இல்லை, சம்பந்தியும் இல்லை. அதுக்காகத்தான் கண்ணாடி வைச்சிருக்கினம். அந்தக் கண்ணுக்கு நான் சந்தனம் அப்பினன், அடுப்புச் சூட்டிலை அது அடிப்பிடிச்ச சோறு மாதிரி இறுகிப் போச்சு.

குன்னார் கண்டவர். அதுதான் என்னாலை பொறுக்க ஏலாமல் இருக்கு! அவர் கண்டவர், துடைக்கேல்லை! பிறகு எஸ்பென் எனக்குச் சொன்னான்: "அப்பா நினைச்சவர், அது உங்கடை சமயம், அதிலை கை வைக்கக் கூடாதெண்டு. கண்ணாடிக்குப் பக்கத்திலை மேலையும் கீழையுமா ரெண்டு சின்னக் குழாய் இருக்கு, அதைத் திறந்து பார்த்தும் தண்ணியை அறியலாம். அனுபவம் உள்ள ஆள் அப்பிடித்தான் பார்ப்பார் எண்டு அப்பா நினைச்சவர்." மரியாதையாம்! இந்த மரியாதையாலை எத்தினை குடும்பம் அழிஞ்சு போச்சு! ஒரு துணியை எடுத்துத் துடைச்சுப்போட்டு, "யோவ், இதிலை ஏனப்பா பூசினனீ?" எண்டு ஒரு பேச்சுப் பேசியிருந்தால் எல்லாம் முடிஞ்சிருக்கும். எங்கடை ஆக்களெண்டால் பேசியிருப்பினம்.

பட்டியைக் கொழுவிச்சினம், எட்டுப்போலை ஒரு முறுக்கு முறுக்கி. சில்லு சுத்த, பட்டி படார் படாரெண்டு அடிக்க, அந்தப் பக்கத்திலை மெசின் உறுமத் துவங்கிச்சுது. எஸ்பென் கட்டுக்கட்டாத் தூக்கிப் போட்டான், தானியம் சாக்கிலை கொட்டிச்சுது. அவ்வளவு தூசியிலும் சனம் சிரிச்சுக்கொண்டு நிண்டுது. நான் எஞ்சினடியிலை கோட்டும் வேட்டியுமா நிண்டன். குன்னார் இடைக்கிடை அந்தப் பக்கத்திலை இருந்து கையைத் தூக்கி, "வான்?" எண்டு கேப்பார், தண்ணி எப்பிடி எண்டு. எஞ்சினுக்குப் பக்கத்திலை ஒரு பெரிய பீப்பா நிறையத் தண்ணி இருந்துது. நான் அதை எட்டிப் பார்ப்பன். நிறைய இருக்கு. பெருவிரலைத் தூக்கிக் காட்டுவன். அவரும் தூக்கிக் காட்டுவார். இப்பிடி நாங்கள் ரெண்டு பேரும் பெருவிரலைக் காட்டிக் காட்டி வெகு சந்தோசமா நிண்டம். பீப்பாத் தண்ணியைப் பம்பாலை உள்ளுக்கை அனுப்ப வேணுமெண்டு எனக்கு ஆர் சொன்னது? அயல் சனத்துக்கு முறுக்குக் குடுத்து, காங்கேசன்துறைக் கதையை ரெண்டாம் முறை துவங்கினன். மாடு தலை குனியிற இடத்துக்கு வந்திட்டன்.

பிறகு ஒரு சத்தம். வெடிச்சது எண்டு சொல்லுற சனம் கேக்கட்டும், வெடிக்கேல்லை. நூறு பாம்பு ஒண்டாச் சீறின மாதிரி ஒரு சீறல். அடுப்புக் கதவாலை சாம்பலும் ஆவியும் குபீரெண்டு வந்து என்ரை பட்டு வேட்டி முழுக்கக் கறுப்பு. நெருப்பு அணைஞ்சு போச்சு. பெரிய சில்லு மெல்ல மெல்லச் சுத்தி நிண்டுது. பட்டி தொங்கிப் போச்சு. நடந்தது என்னெண்டால், அடுப்புக் கூரையிலை ஈயத்தாலை ஒரு சின்ன அடைப்பு வைச்சிருப்பினம். தண்ணி இறங்கினால் இரும்பு பழுக்கமுந்தி ஈயம் உருகும், அந்த ஓட்டையாலை ஆவி இறங்கி நெருப்பை அணைக்கும். பெரிசா உடையாமல் இருக்கச் சின்னனா ஒண்டு உடையும். இதைச் செய்தவன் ஒரு குடும்பஸ்தனாத்தான் இருக்க வேணும். நீ ஒரு வீட்டுக்குப் போறாய், இதை மனசிலை வைச்சிரு. உங்கடை வீட்டிலும் எங்கையாவது ஒரு ஈய அடைப்பு இருக்கட்டும். ஒரு கோப்பையை உடை, ஒரு நாள் சமைக்காமல் விடு, கதவைச் சாத்திப்போட்டு அழு. ஒண்டும் உருகாமல் எல்லாரும் சிரிச்சுக்கொண்டு இருக்கிற வீட்டுக்குத்தான் நான் பயம்.

குன்னார் ஓடி வந்தார். என்னைத் தோளிலை பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சுட்டதோ எண்டு. பிறகு எஞ்சினைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார், விரலாலை சந்தனத்தைச் சுரண்டினார். முகம் வெள்ளைச் சீலை மாதிரி. "டெ கோர் ப்ரா" எண்டார். பரவாயில்லையாம். அவ்வளவுதான்! பேசினாரோ? இல்லை. கத்தினாரோ? இல்லை. அயல் சனம் கோப்பியைக் குடிச்சுப்போட்டு, "நல்ல நாள், நன்றி" எண்டு சொல்லிப்போட்டுப் போகுது. அரைவாசித் தானியம் அடிக்காமல் கிடக்குது, ஒருத்தர் ஒரு சொல் பேசுறாரில்லை. நீ மட்டும்தான் எங்கடை பிள்ளையா வந்தாய். குசினியிலை இருந்து கையிலை மாவோடை ஓடி வந்து, எல்லாருக்கும் முன்னாலை, தமிழிலை கேட்டாய்: "சித்தப்பா, நீங்கள் உண்மையா எஞ்சின் ஓட்டினனீங்களோ? எஸ்பென்ரை அப்பா என்னட்டைக் கேக்க நான் 'ஓம், சித்தப்பாவுக்குத் தெரியும்' எண்டு சொன்னனான். நான் பொறுப்பு நிண்டனான். ஓட்டினனீங்களோ இல்லையோ?"

நான், "ஓட்டினனான். அந்த ஈயம் பழசு, அதுதான் உருகினது" எண்டன். காங்கேசன்துறையை இன்னொருக்கா எடுக்க வாயைத் திறந்தன். நீ "ஸ்லுத், சித்தப்பா!" எண்டாய். போதும் எண்டு. நீ எனக்கு அப்பிடி ஒரு நாளும் சொன்னதில்லை. சறுக்குப் பலகையிலை இருந்த காலத்திலை "இன்னும் சொல்லுங்கோ" எண்டுதான் சொல்லுவாய். கார் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்துது. வாசலிலை செருப்பைக் கழட்டேக்கை சித்தி சொன்னா, "அந்தப் பிள்ளை உங்கடை கதையிலை ஒரு நாளும் பாதியைக் கழிக்கேல்லை. ஏனெண்டால் அது இஞ்சை பிறந்த பிள்ளை." சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்திட்டா. இந்த மனிசியோடை ஒரு மனிசன் எப்பிடி வாழுறது, சொல்லு?

அதுக்குப் பிறகும் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டன். கலியாணத்துக்கு முதல் நாள் வந்து உன்ரை தலையைத் தடவி, ஒரு பகிடி விட்டு, எல்லாத்தையும் சமாளிச்சிருப்பன். எனக்குத் தெரியாத சமாளிப்போ? ஆனால் நேற்று குன்னார் ரெலிபோன் எடுத்தார். ஈயம் புதுசா வைச்சாச்சாம். கொதிகலன் பாக்கிற உத்தியோகத்தர் வந்து தட்டிப் பார்த்து, கூரைக்கு ஒண்டும் ஆகேல்லை எண்டு சொல்லிப்போட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நீயும் எஸ்பெனும் கமத்துக்கு வாற நேரம், பெரிய றோட்டிலை இருந்து முத்தம் மட்டும் எஞ்சின் இழுக்கிற வண்டிலிலை உங்களை இருத்திக் கொண்டு வரப்போறாராம். பிறகு என்ன சொன்னார் தெரியுமோ? "கண்ணாடியை நான் துடைச்சிட்டன், அண்டைக்கு அது என்ரை பிழை. ஞாயிறு நீங்கள் ஓட்டுங்கோ, நான் பக்கத்திலை நிக்கிறன். உங்கடை மகள், நீங்கள்தானே கொண்டு வர வேணும்."

இன்னும் நம்புறார், மகள்! வேட்டி கரியாகி, எஞ்சின் செத்து, பாதித் தானியம் அடிக்காமல் கிடந்த பிறகும் அந்த மனிசன் இன்னும் நம்புறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரெலிபோனைச் சுவரிலை அடிச்சிருப்பன். "ஓம்" எண்டு சொல்ல நாக்கு வந்துது. வந்த நேரம் எனக்கு அந்த வண்டில் கண்ணுக்கு முன்னாலை வந்துது. கொதிகலன், அதுக்குப் பின்னாலை வண்டில், வண்டிலிலை கூறைச் சீலையோடை நீ. நான் "பிறகு சொல்லுறன்" எண்டு வைச்சிட்டன். என்ரை வாழ்க்கையிலை ஒரு கேள்விக்கு நான் "பிறகு சொல்லுறன்" எண்டு சொன்னது அதுதான் முதல் தரம். சித்தி எட்டிப் பார்த்தா, காய்ச்சலோ எண்டு.

அதாலை இப்ப சொல்லுறன். யாழ்ப்பாணத்திலை ஸ்ரீம் றோலர் இருந்தது உண்மை. நான் அந்த வேலையிலை சேர்ந்து நிண்டது உண்மை. சவளிலை கச்சான் வறுத்ததும் உண்மை, அதை ஓவசியர் தின்னேல்லை, நாங்கள்தான் திண்டம். ஆனால் நான் எஞ்சினை ஓட்டேல்லை, மகள். நான் அதுக்கு முன்னாலை சிவப்புக் கொடி பிடிச்சுக்கொண்டு நடந்தனான். எஞ்சின் சத்தத்துக்கு வண்டில் மாடு மிரளும், சைக்கிள்காரர் வந்து விழுவினம், அதாலை ஒரு ஆள் முன்னாலை கொடியோடை போய் எல்லாத்தையும் மறிச்சு ஒதுக்க வேணும். அந்த ஆள் நான். மாடு தலையைக் குனிஞ்சது நான் மூக்கணாங்கயித்தைப் பிடிச்சு இழுத்தபடியாலை. வேலை முழுக்க என்ரை முதுகுக்குப் பின்னாலைதான் எஞ்சின் வந்துது. அதின்ரை பின்பக்கத்திலை ஒரு கண்ணாடி இருக்குமெண்டதை நான் குன்னார் வீட்டு முத்தத்திலைதான் வடிவாக் கண்டனான். கண்ட உடனை பொட்டு வைச்சிட்டன். இதை இண்டைக்குப் பின்னேரம் நானே அந்தாளுக்கு எடுத்துச் சொல்லுவன். மலருக்கும் இந்தப் பந்தியை வெட்டாமல்தான் குடுப்பன். வெஸ்ட்லி மாமா வாசிச்சு வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். சிரிச்சு முடிய அவரும் ஒரு சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் காட்டட்டும்.

நீ கேட்டாய், நான் சொல்லிப்போட்டன். சனிக்கிழமை நான் வந்து தாரை வார்க்கிறன். தண்ணி சித்தியின்ரை செம்பிலை இருந்து வரும், அதைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைக் குன்னார் ஓட்டட்டும். அது தார் றோட்டு, காரும் பஸ்சும் வாற றோட்டு, முன்னாலை ஒரு ஆள் கட்டாயம் வேணும். சித்தியின்ரை பழைய சிவப்புச் சீலையிலை ஒரு துண்டு கிழிச்சு வைச்சிருக்கிறன். புருசெத் சரிவிலை உன்னை இழுத்த காலத்திலும் நான் முன்னாலைதான் நடந்தனான், நீ பின்னாலை இருந்து கரி போட்டாய். கொடி பிடிச்சு ஒரு பாதையைத் துப்பரவாக்கிக் குடுக்கிறதிலை யாழ்ப்பாணத்திலும் சரி, இந்த நோர்வேயிலும் சரி, என்னை வெல்ல ஒருத்தனும் இல்லை. இதிலை நீ பாதியைக் கழிக்க வேண்டாம்.

ரெலிபோனை எடு.

உன்ரை சித்தப்பா